கரி பிடித்து வைத்திருப்பது

அப்படியானால் அது இப்போது எங்கே இருக்கிறது?

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவள் மனத்துக்குள் ஓடியது இந்த ஒரு கேள்விதான். மேலாளர் கண்ணாடிக் குவளையைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளே தண்ணீர் பளிங்காக இருந்தது. அதே தண்ணீர் சற்று முன்பு சுரங்கத்துக் குழாயிலிருந்து கொட்டியபோது, துருப்பிடித்த தகரத்தைக் கழுவி ஊற்றியதுபோல் இருந்ததை விருந்தினர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தார்கள். இடையில் நான்கு தொட்டிகள், நான்கிலும் கரி. அவ்வளவுதான் வித்தை.

"ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க சார்" என்றார் விருந்தினர்களில் ஒருவர்.

"நேத்துத்தான் பல்லு புடுங்கினேன். கூசும்" என்று மேலாளர் குவளையை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டார். கொல்லென்று சிரிப்பு.

அவளும் சிரித்துவைத்தாள். கேள்வி மட்டும் போகவில்லை. சிறு வயதிலிருந்தே அவளுக்கு இந்த வியாதி உண்டு. துணியைத் துவைத்தால் அழுக்கு தண்ணீருக்குப் போகிறது. தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே தெருக்கோடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து அடி வாங்கிய பெண். "உன்னக் கட்டிக்கிறவன் பாவம்டீ, எங்க போன, எங்க போனன்னு கேட்டே கொன்னுடுவ" என்பாள் அம்மா. கட்டிக்கொண்டவன் அந்தக் கேள்வி பொறுக்காமல்தான் போனானா என்பது வேறு கதை. அவன் எங்கே போனான் என்று மட்டும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

அது ஈயமும் துத்தநாகமும் எடுக்கும் சுரங்கம். மலையைக் குடைந்தால் நீர் ஊறத்தான் செய்யும். ஊறுகிற நீர் பாறையில் இருப்பதையெல்லாம் கரைத்துக்கொண்டுதான் வெளியே வரும். ஈயம் வரும், துத்தநாகம் வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு காட்மியம் என்ற நச்சு உலோகமும் வரும். சுண்ணாம்பைப் போட்டு முடிந்த மட்டும் அடியில் படியவைத்துவிட்டு, மிச்சத்தை ஓடைக்கு விடுவதுதான் நெடுநாள் வழக்கம். அவள் அந்தச் சுரங்கத்து நீர்ச் சோதனைக்கூடத்தில் வந்து சேர்ந்த பிறகுதான் கரி வந்தது.

அடுப்புக்கரி அல்ல. மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைகளை இரும்புப் பீப்பாய்க்குள் அடைத்து, காற்று புகாமல் மூடி, வெளியிலிருந்து நெருப்பு மூட்டிச் சுட்ட கரி. புத்தகங்களில் அதற்கு உயிர்க்கரி என்று பெயர். அதைச் சுடும் சூளைக்காரருக்கு அந்தப் பெயரில் நம்பிக்கை கிடையாது. "செத்த கட்டையச் சுட்டு எடுக்கறோம். இதுல உயிரு எங்கேர்ந்தும்மா வந்துச்சு?" என்பார். அவரை ஒருநாள் கூப்பிட்டு உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னாள். கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை. தேன்கூட்டை உடைத்துப் போட்டதுபோல் அறை அறையாக, அறைக்குள் அறையாக ஓட்டைகள். அந்தச் சுவர்களில்தான் உலோகம் போய் ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னாள். "அடேங்கப்பா, வாடகைக்கு விட்டா ஒரு ஊரே குடியிருக்கலாம்போல" என்றார். அன்றிலிருந்து சுரங்கத்தில் அவளுக்குக் கரிக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே 'கரிம்மா'. முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு தொழில் இருந்தது.

மேலாளருக்கும் ஒரு பெயர் உண்டு. எது கேட்டாலும் "பார்த்துக்கலாம்" என்பதால் அவர் பெயரே பார்த்துக்கலாம். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கரி யோசனையை அவள் முதன்முதலில் கொண்டுபோனபோது "பார்த்துக்கலாம்" என்றவர், உண்மையாகவே பார்த்துக்கொண்டார். மேலிடத்தோடு மல்லுக்கட்டி அந்த நான்கு தொட்டிகளை வாங்கிக்கொடுத்தவர் அவர்தான்.

விருந்தினர்களின் வண்டி கிளம்பிப் போனதும் அவர் அவளைக் கொட்டகையின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே சிமென்ட் தளத்தில் தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. வேலை முடிந்த கரி. தொட்டியில் கரி எவ்வளவு பிடிக்க முடியுமோ அவ்வளவையும் பிடித்த பிறகு, புதுக்கரி போட்டு, பழையதை அள்ளி இங்கே கட்டிவைப்பார்கள். அடுக்கு சன்னல் விளிம்பைத் தொட்டிருந்தது.

"இத என்ன பண்றது?" என்றார்.

எங்கே போயிற்று என்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில், மூட்டை மூட்டையாகக் கண்முன்னால் கிடந்தது.

"நச்சுக் கழிவு கொட்டுற இடத்துல இனிமே எடம் இல்லேங்கறாங்க. மழைக்கு முன்னாடி இத ஒழிச்சுக் காட்டலேன்னா, தொட்டிய மூடிட்டுப் பழையபடி சுண்ணாம்புக்கே போங்கன்னு மேல சொல்லிட்டாங்க."

"தோண்டி முடிச்ச குகை இருக்கே சார். சிமென்ட்டோட கலந்து உள்ளயே அடைச்சிடலாம்."

"அனுமதி வாங்கறதுக்குள்ள மழை மூணு தடவ வந்துட்டுப் போயிடும். வெறும் தண்ணிச் சோதனை பண்ணீங்களே, அது என்ன ஆச்சு?"

"ஒண்ணும் வரல சார்."

சோதனை எளிமையானது. பழைய கரியைச் சுத்தமான தண்ணீரில் போட்டு ஒரு நாள் முழுக்கக் குலுக்க வேண்டும். பிறகு வடிகட்டி, அந்தத் தண்ணீரில் உலோகம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கவில்லை. கரி பிடித்ததை விடவில்லை.

"அப்புறம் என்ன?" என்று மேலாளர் முகம் மலர்ந்தார். "பார்த்துக்கலாம்."

அவர் என்ன பார்த்துக்கொள்ளப்போகிறார் என்பது அவளுக்கு இரண்டு நாளில் வீட்டிலேயே தெரிந்துபோயிற்று.

வீடு என்பது அண்ணன் வீடு. அண்ணன் சுரங்கத்தில் இறங்குகிறவர். வெளியே வந்தால் தூங்குவார், எழுந்தால் மறுபடி இறங்குவார். வீட்டின் நடையும் பேச்சும் அண்ணியுடையவை. ஒரே ஒரு பெட்டியோடு அவள் இந்த வாசலில் வந்து நின்ற நாளில், ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் மாடி அறைச் சாவியைக் கையில் வைத்தவள் அண்ணி. கேள்வி கேட்டே வளர்ந்தவளுக்குக் கேள்வி கேட்காத ஒருத்தியின் கருணை எப்படிப்பட்டது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்குப் பிறகு அண்ணி சொன்ன எதற்கும் அவள் இல்லை என்று சொன்னதாக நினைவில்லை. சொல்லும்படி அண்ணி எதையும் கேட்டதுமில்லை.

ஓடைக்குக் கீழே இருக்கும் மக்காச்சோளக்காரர்கள் எல்லோருக்கும் அண்ணி தலைவி மாதிரி. முன்பெல்லாம் அறுவடை முடிந்ததும் வயலிலேயே கட்டைகளைக் குவித்துக் கொளுத்திவிடுவார்கள், ஊரே இருமும். "கொளுத்தற கட்டைய எங்களுக்குக் கொடுங்க" என்று கேட்க அவள் கூச்சப்பட்டபோது, அண்ணிதான் வீடு வீடாகப் போய்ப் பேசி, வண்டி வண்டியாகச் சூளைக்கு அனுப்பிவைத்தாள். பதிலுக்குச் சூளையிலிருந்து கொஞ்சம் புதுக்கரியை வாங்கித் தன் வயலின் ஒரு மூலையில் போட்டுப் பார்த்தாள். அந்த மூலையில் மண் ஈரம் காத்தது. பயிர் ஒரு முழம் தூக்கலாக நின்றது.

"நாத்தனாரே, நல்ல சேதி" என்றாள் அண்ணி, வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. "உங்க பார்த்துக்கலாம் ஃபோன் பண்ணார். வேலை முடிஞ்ச கரிய எல்லாம் எங்களுக்கே கொடுக்கறாராம். வயலுக்கு."

அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அது புதுக்கரி இல்ல அண்ணி."

"தெரியும்டீ. தண்ணியில போட்டுக் குலுக்கிப் பார்த்துட்டீங்களாமே, ஒண்ணும் வரலயாமே. நீதான் பார்த்தியாமே."

"ஆமா."

"அப்புறம் என்ன மூஞ்சி? கேக்காமலே எங்களுக்குக் கிடைக்குது. எங்க வயல்ல விளைஞ்சது, எங்க வயலுக்கே வருது."

அவள் மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். வெறும் தண்ணீர்ச் சோதனை பொய் சொல்லவில்லை. நாம் எதைக் கேட்கிறோமோ அதற்குத்தான் பொருள்கள் பதில் சொல்லும். தண்ணீர் கேட்டால் விடுவாயா என்று கேட்டோம், விடமாட்டேன் என்றது. வயலில் கேட்கப்போவது தண்ணீர் மட்டுமா? மண்ணுக்குள் வேர் சும்மா இருப்பதில்லை. புளிப்பைக் கசியவிட்டு, அந்தப் புளிப்பில் கரைவதையெல்லாம் உறிஞ்சும். வேருக்கும் ஒரு வாய் இருக்கிறது, அந்த வாயில் எச்சில் ஊறுகிறது என்று நினைத்தபோது பயம் வருவதற்குப் பதிலாக அவளுக்கு ஆவல்தான் வந்தது. அதற்காகப் பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

மறுநாள் பழைய கரியில் ஒரு பிடியை, வினிகரைப் பல மடங்கு நீர்க்கவிட்டது போன்ற புளிப்பு நீரில் போட்டுக் குலுக்கவைத்தாள். வடிகட்டிய நீரைத் தீச்சுடரில் தெளித்து, எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லும் கருவியின் முன்னால் நின்றாள். முதலில் ஈயம். வரவில்லை, வந்தாலும் துளி அளவுதான். ஈயம் கரியோடு ஒன்றிப்போயிருந்தது. அடுத்து துத்தநாகம், தாராளமாக வந்தது. அதன் பின்னால் காட்மியம். கதவு திறக்கக் காத்திருந்தவன் மாதிரி வந்தது.

அவள் இரண்டாம் முறை செய்தாள். அப்படியே வந்தது.

ஒரே கரி, ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். ஒன்றை உயிரே போனாலும் விடாமல் பிடித்திருக்கிறது. இன்னொன்றைக் கொஞ்சம் புளிப்பு காட்டினாலே விட்டுவிடுகிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியும், படித்திருக்கிறாள். தெரிந்த பிறகும் அது அவளுக்கு ஆச்சரியமாகவே இருந்தது. தன்னையும் நினைத்துக்கொண்டாள். அம்மா சொன்ன சொல் ஒவ்வொன்றும் எலும்போடு ஒட்டியிருக்கிறது. ஏழு வருஷம் கூட இருந்தவனின் குரல் எப்படி இருக்கும் என்று இப்போது யோசித்தால் வரமாட்டேன் என்கிறது. ஈயம் எது, காட்மியம் எது என்று முன்கூட்டி யாரால் சொல்ல முடியும்.

புளிப்பு நீர் வேராகிவிடாது என்றும் அவளுக்குத் தெரியும். வேரையே கேட்டுவிடலாம் என்று, அண்ணி வயலிலிருந்து மண் எடுத்துவந்து மூன்று சட்டிகளில் நிரப்பினாள். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் மண்ணோடு புதுக்கரி, மூன்றாவதில் மண்ணோடு பழைய கரி. மூன்றிலும் கீரை விதை தூவி, சோதனைக்கூடத்தின் கிழக்குச் சன்னலில் வைத்தாள்.

அவள் செய்த தப்பு அங்கேதான். சட்டிகளை உள்ளே அலமாரிப் பக்கம் வைத்து விளக்குப் போட்டிருக்கலாம். இளவெயில் வருகிறதே என்று, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கிற சன்னலில் வைத்துவிட்டாள்.

கீரை வளர்ந்தது. வெறும் மண்ணில் நோஞ்சானாக. புதுக்கரியில் நன்றாக. பழைய கரியில்! இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவினதுபோல் கரும்பச்சையாக, சட்டியை மறைத்துக்கொண்டு, தண்டு விரல் கனத்துக்கு. அந்த மண்ணுக்குத் துத்தநாகம் பற்றாக்குறை. கரியிலிருந்து இறங்கிய துத்தநாகத்தைப் பசித்தவன் சோற்றைக் கண்ட மாதிரி செடி வாரி எடுத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கூடவே வேறு எதை எடுத்திருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

சூளைக்குக் கட்டை ஏற்றிவந்த வண்டியோடு ஒருநாள் அண்ணி உள்ளே வந்தாள். சன்னலைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"இது எதுல வளர்ந்துச்சு?"

"பழைய கரியில."

"அடிப்பாவி! இத வச்சுக்கிட்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?" சொல்லிக்கொண்டே ஒரு இலையைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். அவள் பாய்ந்து அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் வளையல் ஒன்று நசுங்கிவிட்டது.

"விடுடீ! கீரைக்குக் காவல் போட்டிருக்காங்களா என்ன?"

"இன்னும் அளந்து பார்க்கல அண்ணி. வாயில வைக்காதீங்க."

"நல்லா இருக்கறதப் பார்த்தாலே தெரியாதா? விஷம் ஏறின செடி இப்படியா செழிக்கும்?"

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் மேலாளர் வந்துவிட்டார். அவரும் பார்த்தார். அவர் கையில் ஃபோன் இருந்தது. மூன்று சட்டிகளையும் வரிசையாக நகர்த்தி, வெளிச்சம் பார்த்து, பெருமிதத்தோடு படம் எடுத்தார். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஓடைக்குக் கீழே உள்ள எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது. பார்த்தவர்கள் யாருக்கும் அதற்கு மேல் ஒரு விளக்கம் தேவைப்படவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். அவள் பூதத்தைத் தேடி வெட்டினாள், கிளம்பிய பூதம் பார்க்க லட்சணமாக இருந்துவிட்டது.

இலைகளை உலர்த்தி, பொடித்து, அமிலத்தில் கரைத்து அவள் அளந்தாள். வெறும் மண்ணில் வளர்ந்த கீரையிலேயே காட்மியம் கொஞ்சம் இருந்தது. ஓடைத் தண்ணீர் பாய்ந்த மண் அல்லவா. பழைய கரியில் வளர்ந்ததில் அது பல மடங்கு. மனிதர் தின்னக்கூடாத அளவு.

அன்றைக்கே அண்ணியிடம் சொன்னாள். அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை.

"தின்னா என்ன ஆகும்?"

"உடனே ஒண்ணும் ஆகாது. வருஷக்கணக்கா சேரும். சிறுநீரகத்துல, எலும்புல."

"வெறும் மண்ணுல வளர்ந்த கீரையிலயும் இருந்துச்சுன்னு சொன்ன."

"இருந்துச்சு."

"அப்போ இத்தன வருஷமா நாங்க தின்னுட்டுதான் இருந்தோம்." அண்ணி குழாயை மூடினாள். "ஓடையில விட்டாங்க, வயல்ல பாஞ்சுது, நாங்க தின்னோம். அப்போ யாரும் வந்து கையப் புடிக்கல. இப்போ அத மூட்டைகட்டி வச்சிருக்கீங்க, மண்ணுக்கு நல்லதுன்னு கண்ணாலயே தெரியுது, இப்போ வந்து தொடாதேங்கற."

"அப்போ யாரும் அளக்கல அண்ணி."

"அளந்தாத்தான் விஷமா?"

அந்தக் கேள்வி அவளை உலுக்கியது. தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பதில் அவளிடம் இல்லை என்றில்லை. அளக்காதபோதும் விஷம்தான், அளந்த பிறகு அதன் பொறுப்பு தெரிந்தவர்களின் கைக்கும் வந்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இதை எப்படிச் சொன்னாலும் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கும் என்று தோன்றியது. துலக்கிவைத்த பாத்திரங்களை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எல்லார் வீட்டுலயும் போய்ச் சொல்லிட்டேன்டீ" என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி. "கட்டையக் கொடுங்க, கரி திரும்பி வரும்னு. என் சொல்ல நம்பித்தான் கொளுத்தாம வச்சிருந்து அனுப்பினாங்க. இப்போ நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

"சூளையில சுடற புதுக்கரியில ஒரு பங்கு கேட்டுத் தரேன் அண்ணி. அது நல்லது."

"தொட்டிய மூடிட்டா சூளை எதுக்கு எரியும்?"

அதுவும் சரிதான். அண்ணி கணக்கில் ஒருபோதும் தவறியதில்லை.

மறுநாள் மேலாளர் அவளை அறைக்குள் உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். கீரைக் கணக்கை அவள் முன்னாடியே அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் முகம் வாடியதையும் பார்த்திருந்தாள். ஒரு ராத்திரியில் எப்படியோ தேறியிருந்தார்.

"கீரை வேற, மக்காச்சோளம் வேற. சோளமணியில அவ்வளவு ஏறாது, நீங்களே ஒத்துக்குவீங்க."

"ஏறாது சார். ஆனா வயல் ஓரமா எல்லாரும் கீரைதானே போடறாங்க."

"அத அவங்க பார்த்துக்கலாம்." சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "நான் உங்கள பொய் சொல்லச் சொல்லல. வயல்காரங்களுக்குக் கிடங்குல கூட்டம் வச்சிருக்கோம். வந்து ஒரே ஒரு வாக்கியம். 'வெறும் தண்ணிச் சோதனையில ஒண்ணும் வரல.' அது உண்மைதானே?"

"உண்மைதான்."

"சொல்லிடுங்களேன்."

"முடியாது சார்."

"உங்க தொட்டிம்மா அது! எவ்வளவு கஷ்டப்பட்டீங்க. உங்க கையாலயே மூடப்போறீங்களா? மூடினா அந்த அழுக்குத் தண்ணி மறுபடியும் ஓடைக்குத்தானே போகும்? அப்போ மட்டும் யாரும் திங்க மாட்டாங்களா?"

இந்த மனிதர் முட்டாள் இல்லை என்பதுதான் கஷ்டம். அவர் சொன்னதில் ஒரு ஓட்டைகூட இல்லாததுபோல் இருந்தது. அவள் தொட்டிகளின் பக்கம் போய் நின்றாள். நான்காவது தொட்டியின் அடியிலிருந்து சன்னமாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்காத ஒரு நாளை நினைத்துப் பார்த்தாள்.  தொட்டிகளைப் பெற்ற பிள்ளை என்றெல்லாம் சொல்லமாட்டாள். அதைவிடச் சின்னது, அதைவிட அவளுடையது. அவள் கேட்ட ஒரு கேள்விக்கு உலகம் சரி என்று சொன்ன ஒரே இடம்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் என்ன? சொல்லிப் பார்த்தாள், யாருமில்லாத கொட்டகையில், மெல்ல. வெறும் தண்ணிச் சோதனையில ஒண்ணும் வரல. வார்த்தைகள் ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தன. மேலாளர் தூக்கிக் காட்டிய குவளைத் தண்ணீர் மாதிரி. அவரும் அதைக் குடிக்கவில்லை.

கூட்டம் மக்காச்சோளக் கிடங்கில், பகல் உணவுக்குப் பிறகு. சாக்குகளை ஓரமாக நகர்த்தி நாற்காலி போட்டிருந்தார்கள். போதாமல் பாதிப்பேர் சாக்குமேலேயே உட்கார்ந்திருந்தார்கள். தும்மலும் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. முன்னால் நீள மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். நடுவில் மேலாளர். ஒரு பக்கம் அண்ணி, நல்ல புடவையில். மறுபக்கம் காலி.

அவள் வாசலில் நுழைந்ததும் அண்ணி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். 

"ஒண்ணும் பேச வேண்டாம்டீ. நான் அவர்கிட்ட சொல்லிட்டேன், அவளப் பேசச் சொல்லாதீங்கன்னு. அந்த நாற்காலியில வந்து சும்மா உக்காரு. அவ்வளவுதான். நான் பேசிக்கறேன்."

"எதுக்கு அண்ணி நான்?"

"உன்னப் பார்த்தா அவங்களுக்குத் தைரியம். கரிக்காரியே உக்காந்திருக்கான்னு. உன்கிட்ட நான் வேற எதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. மாடி அறைச் சாவியைக் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை எதையும் கேட்டதில்லை. முதன்முதலில் கேட்பது இவ்வளவு சின்னதாக, ஒரு நாற்காலியில் வாய் திறக்காமல் உட்காருவதாக இருக்கிறது. இதற்குக்கூட ஒருத்தியால் முடியாது என்றால் அவள் என்ன மனுஷி? அவளுக்குத் தன்மேலேயே ஒரு வேடிக்கையான சந்தேகம் வந்தது. உண்மையாகவே நாம் முடியாது என்று சொல்லப்போகிறோமா, சொன்னால் அந்தக் குரல் எப்படி இருக்கும், என்று தள்ளி நின்று காது கொடுப்பதுபோல் இருந்தது.

மேலாளர் ஒலிபெருக்கியைத் தட்டினார். "நம்ம கரிம்மா வந்துட்டாங்க. வாங்க, வாங்க, இங்க உக்காருங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. சாக்குமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "இவங்க வளர்த்த கீரைதான்டீ அது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "எவ்வளவு பச்ச!"

அண்ணி அவள் கையை இழுத்தாள். "வா. எல்லாரும் பார்க்கறாங்க."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அண்ணியின் விரல்களைத் தன் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக, வலிக்காமல், விடுவித்தாள்.

"இல்ல அண்ணி" என்றாள். வீட்டில் பேசுகிற குரல்தான். முன் வரிசைகளில் இருந்தவர்களுக்குக் கேட்டது. "இந்தக் கரி வயலுக்கு வேண்டாம். நான் அங்க உக்கார மாட்டேன்."